ஸ்ரீநகரில் ஒரு தோட்டம் பார்த்தால் போதுமா?

வாசகர் கேள்வி, மார்ச் 2

ஏப்ரலில் குடும்பத்தோடு காஷ்மீர் போகிறோம். ஸ்ரீநகருக்கு ஒன்றரை நாள்தான் ஒதுக்க முடியும். போய்வந்த என் மைத்துனர் சொல்கிறார்: "முகலாயத் தோட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி. அடுக்கடுக்காகத் தளம், நடுவே வாய்க்கால், இரண்டு பக்கமும் பூ. நிஷாத் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. பரி மஹால் வெறும் இடிந்த சுவர். மலைமேல் இருக்கும் அக்பர் கோட்டையைப் படகிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்." சரிதானா?

மார்ச் 2, இரவு

மூன்றுமே சரியில்லை.

நீர்ப்பாசன வேலையில் இருந்தவன் நான். எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் மதகு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் கண் முதலில் தேடும். அப்படிப் பார்த்தால் தால் ஏரிக்கரையில் இருக்கும் தோட்டங்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. பூவைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும். இன்று அங்கே பூத்திருப்பவை பருவத்துக்குப் பருவம் மாற்றி நடப்படும் பாத்திகள். ஜஹாங்கீரும் ஷாஜகானும் ஆசப் கானும் விட்டுப்போனது தண்ணீருக்கான ஏற்பாடு. அது எங்கே பிறக்கிறது, எங்கே விழுகிறது, எந்த இடத்தில் அரசன் உட்கார்ந்தான், எந்த இடத்துக்கு மேல் மற்றவர்கள் போகக்கூடாது என்று பாருங்கள். ஒன்றரை நாளில் அதைப் பார்த்துவிடலாம்.

மார்ச் 3

ஷாலிமாரையும் நிஷாத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள்தான் "ஒரே மாதிரி" என்கிறார்கள். அந்த இரண்டைப்போல் எதிரெதிரான தோட்டங்கள் அந்த ஊரில் வேறில்லை.

ஷாலிமார் அரசனுடையது. 1619-இல் தொடங்கியது. ஜஹாங்கீர் நூர்ஜகானுக்காகக் கட்டினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஓடையை மறித்து அருவி அமைக்கும்படி ஜஹாங்கீர் உத்தரவிட்டது இளவரசர் குர்ரத்துக்கு. அந்தக் குர்ரம்தான் பிறகு ஷாஜகான் ஆனார். தந்தையின் தோட்டத்துக்கு மேலே பெண்களுக்கான இன்னொரு தோட்டத்தை 1630-களில் காஷ்மீர் ஆளுநர் ஜாபர் கானைக் கொண்டு சேர்த்ததும் அவர்தான். ஆகவே ஷாலிமாரில் தொடக்கம் முதலே ஷாஜகானின் கை இருக்கிறது. மேல்தளத்தில் நீரூற்றுகளுக்கு நடுவே நிற்கும் கருங்கல் மண்டபம் அவர் காலத்தது.

அங்கே சரிவு மிக மென்மையானது. நடக்கும்போது ஏறுகிறோம் என்றே தெரியாது. கீழே மக்கள் வந்து மனுக் கொடுக்கும் பகுதி, நடுவே அரசனும் அவருக்கு நெருங்கியவர்களும் இருக்கும் பகுதி, மேலே அந்தப்புரம். தண்ணீர் இதற்கு நேர் எதிராக, அந்தப்புரத்தில் தொடங்கி மக்களிடம் வந்து முடிகிறது. கீழ் மண்டபத்தில் வாய்க்காலுக்கு மேலேயே ஒரு கருங்கல் ஆசனம் இருக்கிறது. அரசன் அதில் உட்கார்ந்தால் தண்ணீர் அவருக்கு அடியில் ஓடி முன்னால் விழும். மனுவோடு நிற்பவருக்கு அரசனின் குரலோடு அருவியின் ஓசையும் சேர்ந்து கேட்டிருக்கும். தர்பாருக்கு இதைவிடப் பொருத்தமான மேடையை நான் எங்கும் பார்த்ததில்லை.

நிஷாத் அமைச்சருடையது. நூர்ஜகானின் அண்ணன், மும்தாஜின் தந்தை, ஷாஜகானின் மாமனார் ஆசப் கான் 1633-இல் அமைத்தது. அமைச்சருக்குத் தர்பார் கிடையாது, எனவே தர்பார் மண்டபமும் கிடையாது. கீழே பொதுத் தோட்டம், உச்சியில் உயரமான தாங்குசுவருக்கு மேல் குடும்பப் பெண்களுக்கான தளம், அவ்வளவே. மலை அங்கே செங்குத்தாக இறங்குகிறது. ராசிகளின் கணக்கில் பன்னிரண்டு தளங்கள் என்று சொல்வார்கள். தண்ணீர் சரிவுக் கற்களில் மோதி நுரைத்துக்கொண்டு இறங்கும். அந்தக் கற்களின் முகத்தைச் செதில் செதிலாகக் கொத்தியிருப்பார்கள். வழவழவென்று விட்டிருந்தால் தண்ணீர் கண்ணாடிபோல் வழுக்கிப் போய்விடும். கொத்திவிட்டதால் உடைந்து வெள்ளையாகிறது, ஓசையும் எழுப்புகிறது.

பரப்பு: ஷாலிமார் 31 ஏக்கர், நிஷாத் 46 ஏக்கர். அரசனின் தோட்டத்தைவிட அமைச்சரின் தோட்டம் பெரிது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கதைக்குத் தேவைப்படும்.

மார்ச் 3, மாலை

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றைச் சேர்க்கவில்லை. ஷாலிமாரிலிருந்து ஏரி தெரியாது. அது கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே இருக்கிறது, ஏரியோடு ஒரு கால்வாய் அதை இணைத்தது. நிஷாத்தில் எந்தத் தளத்தில் நின்றாலும் எதிரே ஏரிதான். மலை, தோட்டம், ஏரி, ஏரிக்கு அப்பால் ஹரி பர்பத் குன்று என்று ஒரே கோட்டில் பார்வை ஓடும்.

மார்ச் 5

படகில் போவது வீண் செலவுதானே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

அந்தத் தோட்டங்கள் படகில் வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை. ஔரங்கசீப்போடு 1665-இல் காஷ்மீர் வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், ஏரியிலிருந்து ஷாலிமாருக்குள் போகும் கால்வாயை எழுதிவைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் புல்கரை, பாப்ளர் மர வரிசை, அதற்கு நடுவே படகு, எதிரே தோட்டத்து மண்டபம். மெதுவாக, மலை நெருங்க நெருங்க, நீர் ஓசை கேட்டுக்கொண்டே உள்ளே நுழையும்படி திட்டமிட்ட வழி அது. இன்று காரிலிருந்து இறங்கி, சுண்டல் விற்பவரைத் தாண்டி, டிக்கெட் வாங்கி நுழைகிறோம். கட்டியவர்கள் நினைத்த தொடக்கம் நமக்குக் கிடைப்பதில்லை.

நிஷாத்தின் நிலை இன்னும் வருத்தமானது. ஏரிக்கரைச் சாலை அதன் அடித்தளத்தை வெட்டிக்கொண்டு போகிறது. தோட்டம் ஏரியைத் தொடும் இடத்தில் இப்போது பஸ் நிற்கிறது. அந்தச் சாலை ஊருக்குத் தேவை, அதை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஷிகாராவில் வந்து நிஷாத்தின் எதிரே இறங்கினால், தண்ணீரிலிருந்து தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுவதைக் கண்ணால் காணலாம். சாலையில் வந்தவருக்கு அது கிடைக்காது. ஒரு வழியாவது படகில் போங்கள். போகும்போது படகு, திரும்பும்போது ஆட்டோ.

என்னை ஒருமுறை அழைத்துப்போன வயதான படகுக்காரர் நிஷாத்தின் எதிரே துடுப்பை நிறுத்திவிட்டு, "இப்போது பேசாதீர்கள், பாருங்கள்" என்றார். அருகே ஒரு குடும்பம் பலத்த வாக்குவாதத்தில் இருந்தது. அவர்களையும் அதட்டினார். அவர்களும் வாய் மூடிப் பார்த்தார்கள். பிறகு அந்தக் குடும்பத்துச் சிறுவன், "இனி சண்டை போடலாமா?" என்று அவரிடமே அனுமதி கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மார்ச் 6

வாக்களித்த கதை. ஷாஜகான் நிஷாத்தைப் பார்த்து மயங்கி, "மிக அழகாக இருக்கிறது" என்று மாமனாரிடம் மூன்று முறை சொன்னாராம். பேரரசர் அப்படிச் சொன்னால் "தங்களுடையதே" என்று காலடியில் வைப்பது வழக்கம். ஆசப் கான் வாய் திறக்கவில்லை. ஷாலிமாருக்குப் போகும் தண்ணீர்தான் நிஷாத்துக்கும் கிளை பிரிந்தது. ஷாஜகான் அந்தக் கிளையை அடைக்கச் சொல்லிவிட்டார். வறண்ட தோட்டத்தில் ஆசப் கான் சோர்ந்து கிடந்ததைக் காணப் பொறுக்காத பணியாள் ஒருவர் இரவோடு இரவாக அடைப்பைத் திறந்துவிட்டார். ஓசை கேட்டு விழித்த ஆசப் கான் நடுங்கி, உடனே மூடச் சொன்னார். செய்தி அரசருக்குப் போயிற்று. தண்டிக்காமல், அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ள ஆசப் கானுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்.

இதைக் கதை என்றே சொல்கிறேன். ஆனால் இந்தக் கதை ஏன் பிழைத்திருக்கிறது என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவன் கையில்தான் கடைமடைக்காரனின் உயிர். பேரரசின் அமைச்சரும் அதற்கு விலக்கில்லை. இன்னொன்றும் இருக்கிறது. 1627-இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் ஜஹாங்கீர் இறந்தபோது, சொந்தத் தங்கை நூர்ஜகானைத் தள்ளிவைத்து, மருமகன் ஷாஜகான் வந்து சேரும்வரை அரியணையைக் காத்துக்கொடுத்தவர் இந்த ஆசப் கான். அரியணையைத் தந்தவரிடம் தோட்டத்தைக் கேட்கிறார் மருமகன். மாமனார் கொடுக்கவில்லை. 46 ஏக்கரையும் 31 ஏக்கரையும் இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

பன்னிரண்டு தளத்தையும் எண்ணிப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியவருக்கு: எண்ண வேண்டாம். கீழ்ப்பகுதி சாலைக்குப் போய்விட்டதால் கணக்கு இடிக்கும். உச்சித் தளத்தின் தாங்குசுவருக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தச் சுவர்தான் நிஷாத்தின் உண்மையான கட்டடம்.

மார்ச் 9

சஷ்மே ஷாஹி பற்றிக் கேட்டவருக்கு. சிறியது, ஏறக்குறைய ஒரு ஏக்கர்தான். மூன்று தளம். ஆனால் மற்ற இரண்டும் ஓடைத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தவை, இது ஊற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மலையிலிருந்து நேராக மண்டபத்துக்குள் தண்ணீர் வருகிறது. அந்த ஊற்றைக் கண்டவர் காஷ்மீரின் ஞானி ரூப பவானி என்று பண்டிதர்கள் சொல்வார்கள். நேரு இந்தத் தண்ணீரை டெல்லிக்கு வரவழைத்துக் குடித்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் செய்தி. இன்றும் மக்கள் கேனோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். நீங்களும் பாட்டில் கொண்டுபோங்கள்.

இந்தத் தோட்டத்தைப் பற்றி எங்கு பார்த்தாலும் "1632-இல் அலி மர்தான் கான் கட்டினார்" என்று எழுதியிருக்கும். இந்த வாக்கியம் தன்னைத்தானே இடித்துக்கொள்கிறது. அலி மர்தான் கான் பாரசீக மன்னரின் ஆளாகக் காந்தகாரை வைத்திருந்தவர். அந்தக் கோட்டையை முகலாயரிடம் ஒப்படைத்துவிட்டு ஷாஜகானிடம் வந்து சேர்ந்ததே 1638-இல். காஷ்மீர் ஆளுநரானது அதற்குப் பிறகு. 1632 என்ற ஆண்டு சரி என்றால் ஆள் அவராக இருக்க முடியாது. ஆள் அவர் என்றால் ஆண்டு நிற்காது.

அவர் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதை ஊகிப்பது கடினமில்லை. லாகூரின் ஷாலிமாருக்கு ராவியிலிருந்து கால்வாய் வந்தது அவர் பொறுப்பில். டெல்லிக்கு யமுனைத் தண்ணீரைக் கொண்டுவந்த கால்வாயும் அவர் பெயரால் வழங்கியது. தண்ணீர் என்றால் அலி மர்தான் கான் என்று ஆகிவிட்டது. ஒரு நீர்ப் பொறியாளருக்கு இவ்வளவு புகழ் சேர்ந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் தகவல் பலகையில் சரியானதைத்தான் எழுத வேண்டும்.

மார்ச் 11

கோட்டை. ஏரியிலிருந்து பார்க்கும்போது ஹரி பர்பத்தின் உச்சியில் தெரிவது அக்பர் கோட்டை இல்லை. அது 1808-இல் ஆப்கன் ஆளுநர் அத்தா முஹம்மது கான் எழுப்பியது. அக்பரின் வேலை கீழே இருக்கிறது. குன்றைச் சுற்றி வளைத்து ஓடும் மதில்தான் அவருடையது. அதற்குள் "நகர் நகர்" என்ற பெயரில் ஒரு தலைநகரம் எழும்ப வேண்டியிருந்தது. அரண்மனை போய்விட்டது, மதிலும் வாசல்களும் நிற்கின்றன. மைத்துனர் படகிலிருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார் அல்லவா, படகிலிருந்து தெரிவது ஆப்கனியர்களுடையது மட்டும்தான்.

காட்டி தர்வாஜா என்ற வாசலுக்குப் போங்கள். அங்கே பாரசீகக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஹிஜ்ரி 1006, அதாவது 1597–98. மதிலுக்காகக் கஜானாவிலிருந்து ஒரு கோடியே பத்து லட்சம் வந்தது, இந்துஸ்தானத்திலிருந்து 200 கைதேர்ந்த கட்டுநர்கள் வந்தார்கள், யாரிடமும் கூலியில்லாமல் வேலை வாங்கவில்லை, எல்லோருக்கும் கஜானாவிலிருந்து கூலி கிடைத்தது என்று அது சொல்கிறது. 1597-இல் அக்பர் மூன்றாம் முறை காஷ்மீர் வந்தபோது பள்ளத்தாக்கில் கடும் பஞ்சம். மதில் வேலை பஞ்ச நிவாரணமாகவும் அமைந்தது.

கோட்டைகளில் மன்னர் புகழ் பாடும் கல்வெட்டுகள் எத்தனையோ உண்டு. கூலி கொடுத்தோம் என்பதைப் பெருமையாகப் பொறித்த வாசல் எனக்குத் தெரிந்து அபூர்வம். வேலை ஒப்பந்தங்களும் தினக்கூலிப் பட்டியல்களும் என் கையில் நிறையப் புரண்டிருக்கின்றன, அதனால் இந்த வரி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. அக்பர் சொன்னபடியே நடந்ததா என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் கூலியில்லா உழைப்பு பள்ளத்தாக்கில் பிற்காலம்வரை மக்களை வாட்டிய கொடுமை. அந்த மண்ணில், அதைச் செய்யவில்லை என்று ஒரு அரசு கல்லில் எழுத நினைத்தது என்பதே பெரிய செய்தி.

அதே மதிலுக்குள், அதே குன்றில், ஷாரிகா தேவி கோயிலும் மக்தூம் சாஹிப் தர்காவும் இருக்கின்றன. காட்டி தர்வாஜாவுக்கு அருகில் சீக்கியரின் ஆறாம் குருவின் பெயரால் ஆறாம் பாதுஷாஹி குருத்துவாரா. அடிவாரத்தில் பாதாம் தோட்டம், மார்ச்சில் பூத்துவிடும். ஏப்ரல் நடுவில் போனால் அங்கே பூ உதிர்ந்திருக்கும், ஆனால் ஏரியை ஒட்டிய ஜபர்வான் மலை அடிவாரத்தில் டியூலிப் இருக்கும்.

மார்ச் 14

பரி மஹால். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சஷ்மே ஷாஹிக்கு மேலே, ஜபர்வான் மலை விலாவில், இடிந்த தளங்கள் ஏரியைப் பார்த்து நிற்கின்றன. கட்டியவர் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ, பதினேழாம் நூற்றாண்டின் நடுவில். நீளம் 120 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 60 மீட்டருக்குச் சற்று அதிகம். உச்சித் தளத்தில் ஒரு மண்டபத்தின் சிதைவும் தண்ணீர்த் தொட்டியின் சிதைவும் இருக்கின்றன. கீழ்த் தளங்களில் வளைவு வளைவாகச் சுவர்கள், குவிமாடம் வைத்த அறைகள், ஒரு குளியலறை.

அங்கே அருவி கிடையாது. "வெறும் இடிந்த சுவர்" என்று உங்கள் மைத்துனருக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம். சரிவுக் கற்கள் இல்லை, நடு வாய்க்கால் இல்லை. தண்ணீரைத் தரைக்கு அடியில் குழாயில் கொண்டுபோய்த் தொட்டிகளில் விட்டார்கள். மற்றத் தோட்டங்களில் தண்ணீரைக் காட்டினார்கள், ஓசை எழுப்ப வைத்தார்கள். இங்கே அதை மறைத்து, அமைதியாக்கிவிட்டார்கள். ஏன்?

நான் புரிந்துகொண்டது இது. இங்கே தர்பார் நடத்தவோ விருந்து கொடுக்கவோ யாரும் வரவில்லை. படிக்கவும் பேசவும் வந்தார்கள். தாராவும் அக்கா ஜஹனாராவும் காஷ்மீரில் முல்லா ஷா படக்‌ஷி என்ற சூஃபி குருவிடம் காதிரி என்னும் சூஃபி மரபில் தீட்சை பெற்றவர்கள். பரி மஹாலில் நூலகமும் வானநூல் கல்வியும் இருந்தன என்ற வழக்கு ஊரில் வலுவாக இருக்கிறது. படிக்கும் இடத்தில் அருவி இரையக் கூடாது. நூலகத்தைக் காட்டும் கல்வெட்டு எதையும் நான் ஆதாரமாக வைக்கவில்லை, கட்டட அமைப்பையே வைக்கிறேன். வரிசையான சிறு அறைகள், நிழல், ஓசையில்லாத நீர்.

1657-இல் காசிப் பண்டிதர்களின் துணையோடு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் கொண்டுவந்தவர் தாரா. இரண்டே வருடத்தில், 1659-இல், தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். பரி மஹால் பாழடைந்த கதையை இந்த வரியோடு சேர்த்துப் படியுங்கள். ஷாலிமாருக்கு அடுத்த பேரரசர்கள் வந்தார்கள், சீர்செய்தார்கள். நிஷாத்தையும் ஆண்டவர்கள் விடவில்லை. பரி மஹாலைக் கட்டியவர் தோற்றுப்போன இளவரசர்.

இடிந்திருப்பதாலேயே அங்கே கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. ஷாலிமாரில் புல்லும் பூவும் எல்லாவற்றையும் மூடியிருக்கின்றன. இங்கே தாங்குசுவர் எப்படி மண்ணைப் பிடிக்கிறது, வளைவின் பின்னால் எவ்வளவு கனம், தொட்டி எங்கே என்று எல்லாம் திறந்து கிடக்கிறது. தளத்தோட்டம் எப்படிக் கட்டுவது என்று யாராவது கேட்டால் நான் பரி மஹாலுக்குத்தான் அழைத்துப்போவேன். அவசரம் வேண்டாம். ஒரு முழு மாலையைக் கொடுங்கள். சூரியன் ஏரிக்கு அப்பால் இறங்கும்.

மார்ச் 14, இரவு

முல்லா ஷா என்று மேலே எழுதியதற்குத் தொடர்ச்சி. ஹரி பர்பத் சரிவில், மக்தூம் சாஹிப் தர்காவுக்குக் கீழே, சாம்பல் நிறக் கல்லில் அவர் பெயரில் ஒரு மசூதி இருக்கிறது, 1649-ஐச் சேர்ந்தது. கட்டியதில் தாரா, ஜஹனாரா இருவர் பெயரும் சொல்லப்படுகிறது. பக்கத்தில் குளியல் கட்டடங்களின் இடிபாடு. பரி மஹாலையும் இதையும் ஒரே நாளில் பார்த்தால், அண்ணன்மார் தம்பிமார் அரியணைக்காகக் கத்தி தீட்டிய குடும்பத்தில் ஒரு அக்காவும் தம்பியும் ஒரே குருவைத் தேடிப்போன கதை ஏரியின் இரண்டு பக்கத்திலும் நிற்பது தெரியும். தர்காவுக்கு வரும் கூட்டம் இந்த மசூதியை எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் மனத்தை உறுத்துகிறது.

மே 4

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். பரி மஹாலில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்களாம், கீழிறங்க மறுத்தார்களாம். மைத்துனருக்குப் புகைப்படம் அனுப்பியிருக்கிறார். நல்லது.

அவருடைய புகார்: ஷாலிமாரில் பாதி நீரூற்றுகள் ஓடவில்லை, யாரும் கவனிப்பதில்லை.

கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் தோட்டத்துக்குள் மட்டும் இல்லை. அந்த நீரூற்றுகள் பம்ப் இல்லாமல் ஓடும்படி கட்டப்பட்டவை. மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் உள்ள உயர வேறுபாடு தரும் அழுத்தம்தான் அவற்றின் எஞ்சின். மேலிருந்து வரும் தண்ணீர் குறைந்தால் முதலில் உயரம் குறையும், பிறகு ஓரத்து ஊற்றுகள் நிற்கும், பிறகு நடுவிலும் நிற்கும். ஷாலிமாருக்கு மேலே ஹார்வான். அந்தப் பக்கத்து நீர் ஸ்ரீநகருக்குக் குடிநீராகவும் போகிறது. ஊருக்குக் குடிக்கக் கொடுத்த பிறகுதான் ஊற்றுக்கு. அந்த முறையில் தவறு சொல்ல மாட்டேன்.

வாய்க்கால் சுத்தம் செய்யத் தண்ணீரை நிறுத்தியிருந்த ஒரு நாளில் நான் ஷாலிமாரில் இருந்திருக்கிறேன். கூட வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள், நான் நாள் முழுவதும் அங்கேயே இருந்தேன். அடிமட்டம் தெரிந்தது. இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு கொஞ்சமான சரிவை நான்கு நூற்றாண்டுக்கு முன் கையால் பிடித்திருக்கிறார்கள். சேறு வாரிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், எந்த இடத்தில் மண் படியும் என்று எனக்கு விரலால் காட்டினார். தலைமுறையாக இதே வேலையாம். தோட்டத்தைக் காப்பாற்றுவது என்றால் இவரைப்போன்றவர்களின் கைத்தெளிவையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

மே 5

ஹார்வான் என்றதும் ஒருவர் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். முகலாயர்களுக்கு ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய பௌத்த இடிபாடு. 1920-களில் ராம் சந்திர காக் அகழ்ந்தது. தரையில் பதித்திருந்த சுடுமண் ஓடுகளில் உருவங்கள், ஒவ்வொன்றிலும் கரோஷ்டி என்ற பழைய எழுத்துமுறையில் ஒரு எண். ஓடுகளை வரிசை மாறாமல் பதிப்பதற்காக இட்ட எண்கள். கட்டுநர்கள் எந்தக் காலத்திலும் கட்டுநர்கள்தான்! ஓடுகள் பல அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. இருந்தாலும் ஷாலிமார் போகிறவர்கள் அரை மணி ஒதுக்கி மேலே ஏறலாம்.

அக்டோபர் 28

இலையுதிர்காலத்தில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஏரியின் மேற்குக் கரையில் நசீம் பாக். இப்போது காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. வாய்க்கால் இல்லை, அருவி இல்லை, தளமும் இல்லை. சினார் மரங்கள் மட்டும் வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஷாஜகான் 1,200 மரம் வைத்தார் என்பார்கள். எல்லாத் தோட்டமும் ஒரே மாதிரி என்பவர் இதையும் பார்க்கட்டும். மரங்களுக்கு நடுவே மாணவர்கள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், சத்தம் போடாமல் நடங்கள்.

அக்டோபர் 30

ஆறு தோட்டங்கள் 2010-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன என்பதைச் சொல்லி, எந்த ஆறு என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்ரீநகரில் ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி, பரி மஹால். அனந்த்நாக் பக்கம் அச்சபல், வெரிநாக். வெரிநாக்கில்தான் ஜீலம் பிறக்கும் ஊற்றுக்கு ஜஹாங்கீர் எண்கோணக் கரை கட்டினார். பஹல்காம் போகும் நாளில் கொஞ்சம் சுற்றிப் போனால் அச்சபலைப் பார்க்கலாம்.

நவம்பர் 2

முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப்போகும் அன்பருக்கு. சஷ்மே ஷாஹியில் படிகள் செங்குத்து, அவரைக் கீழேயே உட்காரவைத்துத் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து கொடுங்கள். நிஷாத்தில் முதல் இரண்டு தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஏரிக் காட்சிக்கு அது போதும். பரி மஹாலுக்கு வாசல்வரை வண்டி போகும். வழியில் பாதுகாப்புச் சோதனை உண்டு, எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். உள்ளே ஒரே தளத்தில் நின்றாலும் ஏரி முழுவதும் தெரியும். ஷாலிமாரில் அவர் கடைசிவரை நடந்துவிடுவார், சரிவு அவ்வளவு மென்மை. கருங்கல் மண்டபம்வரை அழைத்துப்போங்கள். அங்கே அருவிக்குப் பின்னால் சுவரில் வரிசையாகச் சிறு மாடங்கள் இருக்கும், பகலில் பூவும் இரவில் விளக்கும் வைப்பதற்காகச் செய்தவை. அவை எதற்கென்று அவரையே கேளுங்கள், விளக்கு மாடம் வைத்த வீட்டில் வளர்ந்தவராக இருந்தால் பார்த்ததும் சொல்லிவிடுவார்.